எண்ணெய்த் தொட்டி ஞானஸ்நானம்

இல்லீங்க சாமி, உக்காரல. உக்காந்தா பானை சாஞ்சிடும். நின்னுக்கிட்டே பேசறேன், எனக்கு அதான் வசதி. பானையில ஒண்ணுமில்ல, அது பாட்டுக்கு இருக்கட்டும். நீங்க கேள்விக்குப் பதில் சொல்லுங்க. கீழக்கோயில்ல குடுக்கிற ஞானஸ்நானம் செல்லுமா, செல்லாதா?

செல்லாது. அப்பாடா. இன்னொருவாட்டி சொல்லுங்க, காது குளிரக் கேட்டுக்கறேன். வெறும் தண்ணியில குளிச்ச மாதிரிதான், அப்படித்தானே? மேலக்கோயில் சாமி வாயாலயே சொல்லிட்டீங்க. இந்த நுமிதியா சீமையில உங்கள மாதிரி கறாரா சொல்ற ஆளு வேற யாரு இருக்கா!

சிரிக்கலீங்க. நெசமாவே சந்தோஷப்படறேன். ஏன்னா அந்தச் செல்லாத குளியல நான் குளிச்சுட்டேன்.

என்ன, முறைக்கிறீங்க? செக்கு மிக்கின் பேரச் சொன்னா ஊர்ல எல்லாருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். உங்க கோயில் விளக்குல எரியறது என் எண்ணெய்தான். அடி மண்டி கலந்ததுன்னு நீங்க போன வருஷம் பிரசங்கத்துலயே சாடை பேசினீங்க. கலந்தேன், இல்லேங்கல. அப்ப நான் ஞானஸ்நானம் வாங்காதவன். கலக்கலாம்.

எங்க குடும்பத்துல அது ஒரு முறை, சாமி. பத்து வயசுல நாக்குல உப்பு வெச்சு, இவனும் நம்மாளுன்னு பேரு எழுதிக்குவாங்க. அதோட சரி. தண்ணியில முக்கறதுக்கு எவனும் அவசரப்பட மாட்டான். முக்கினா அதுவரைக்கும் செஞ்ச பாவமெல்லாம் போயிடும், ஆனா ஒரே ஒருவாட்டிதான். அப்ப புத்தி உள்ளவன் எப்ப முங்குவான்? கடைசியில. எங்கப்பாவப் பாருங்க. காலையில முங்கினாரு, மத்தியானம் செத்தாரு. நடுவுல ஒரு பாவம் செய்ய நேரமில்ல, தூங்கிட்டாரு. அந்த மாதிரி ஒரு நேர்த்தியான சாவ நான் பாத்ததே இல்ல. எனக்கும் அப்படியே அமையணும்னு நாப்பத்தெட்டு வருஷமா உப்போடயே காத்துக்கிட்டிருந்தேன்.

கெடுத்தான் என் தம்பி. பாரிக். தெரியுமில்ல, கீழக்கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு போற வர்றவங்ககிட்டயெல்லாம் வம்புக்கு நிப்பானே, அவன்தான்.

ரெண்டு மாசம் முன்ன எனக்கு ஜுரம். ஆமா, ஒலிவ அறுவடை முடிஞ்ச சமயம். வைத்தியரு நாடியப் பிடிச்சுப் பாத்துட்டு, சாயங்காலம் தாண்டாதுன்னுட்டாரு. நான் நினைவில்லாமக் கிடக்கேன். தம்பி ஒரே ஓட்டமா ஓடி, கீழக்கோயில் ரொகாத்துஸ் சாமியக் கூட்டிட்டு வந்துட்டான். உங்களக் கூப்பிடணும்னு அவனுக்கு ஏன் தோணப் போகுது? கோயில் வரைக்கும் என்னத் தூக்கிட்டுப் போனா வழியிலயே போயிடுவேன்னு, செக்கடியில எண்ணெய் தெளிய விடற கல்தொட்டி இருக்கில்ல, அதுல கிணத்துத் தண்ணிய ரொப்பிட்டாங்க. மார்கழிக் குளிர் மாதிரி ஒரு குளிர். அந்தத் தண்ணி எப்படி இருந்திருக்கும்னு நெனச்சுப் பாருங்க.

எனக்கு என்ன தெரியும்? ஜுர வேகத்துல, என் செக்குக் கழுதை புதுசா நட்ட ஒலிவக் கன்னையெல்லாம் மேயற மாதிரித் தெரியுது. ரொகாத்துஸ் சாமி என் காதுகிட்ட குனிஞ்சு, மகனே, பிசாச விட்டுடறயான்னு கேட்டாராம். நான் கத்தினேனாம், ஒழிஞ்சு தொலை, மூதேவின்னு. அதோட எல்லாக் கிரியையையும் விட்டுடறயான்னாராம். இனிமே என் தோட்டத்துல கால வெச்ச, ஒடிச்சு அடுப்புல வெச்சுடுவேன்னேனாம். அந்த மனுஷன் அழுதே போயிட்டாரு, சாமி. முப்பது வருஷத்துல பிசாச இப்படி மனசார வெரட்டின ஒருத்தன நான் பாத்ததில்லன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு.

மூணு முக்கு. மூணாவது முக்குல ஜுரம் விட்டுடுச்சு.

ஆமா, குளிர்ந்த தண்ணிக்குத்தான் விட்டுது. வைத்தியரும் அதான் சொல்றாரு. கீழக்கோயில்ல அற்புதங்கறாங்க. எனக்கு அதெல்லாம் தெரியாது. கண்ணத் தொறந்து பாக்கறேன், எண்ணெய்ப் பிசுக்கோட தொட்டியில அம்மணமா நிக்கறேன், சுத்தி நாலு பேரு பாடறாங்க, எம்மேல ஒரு பாவம் இல்ல. நாப்பத்தெட்டு வருஷமா பத்திரமா வெச்சிருந்தது ஒரு நிமிஷத்துல போச்சு. நானோ குத்துக்கல்லாட்டம் இருக்கேன், சாகவும் இல்ல. இன்னும் இருபது வருஷம் கிடக்கு. அத்தனையும் நல்லவனா ஓட்டணும்!

சிரிக்கிறீங்களே, என் நிலைமை உங்களுக்குத் தெரியாது. கழுதையத் திட்ட முடியல. வாயத் தொறந்தா போதும், செக்காளுங்க மூணு பேரும், ஐயா, ஞானஸ்நானம் ஆச்சேங்கறானுங்க. வேணும்னே கழுதையக் கட்டாம விடறானுங்க. தம்பி தெனமும் காலையில வந்து எதிர்ல உக்காந்துக்கிட்டு, அண்ணே, பாவம் ஏதாவது வர்ற மாதிரி இருக்கான்னு கேக்கறான். உன்னப் பாத்தாத்தான்டா வருதுன்னு சொல்லணும்போல இருக்கு. சொல்ல முடியல, அதுவும் பாவம்.

ரொட்டிக்குக்கூட வழியில்ல. உங்க கோயில் ரொட்டிக்காரன், கீழக்கோயில் வாய்க்கு என் அடுப்புல மாவு வேகாதுங்கறான். முங்காதவனா இருந்தப்ப ரெண்டு பக்கமும் எனக்கு வாசல் தொறந்திருந்துச்சு. எந்தப் பக்கம் முங்குவேன்னு தெரியாததால ரெண்டு பேரும் உபசரிச்சீங்க. அதுதான் சாமி வாழ்க்கை.

அதனாலதான் உங்கள யோசனை கேக்க வந்தேன். செல்லாதுன்னு நீங்க ஒரு ஓலை எழுதிக் குடுத்துட்டா, நான் பழையபடி உப்பு வெச்ச ஆளாயிடுவேன். பாவம் செய்யலாம். கடைசியில படுக்கும்போது உங்களையே கூப்பிடறேன், சத்தியமா.

அட, கோவிச்சுக்காதீங்க. ஏன் செல்லாதுங்கறத நீங்க எனக்குச் சொல்லித் தரவேணாம். எங்க வீட்டுல முப்பத்தோரு வருஷம் ராத்திரிச் சோத்தோட அதானே வெஞ்சனம். என் வீட்டுக்காரி அரிசாத் உங்க கோயில்தானே. முதல் வரிசையில நின்னுக்கிட்டு, உங்க பிரசங்கத்துல நீங்க விட்டதையெல்லாம் வீட்டுல வந்து எடுத்துக் குடுப்பா. போன வருஷம் நீங்கதானே அடக்கம் பண்ணீங்க. நல்லாத்தான் பண்ணீங்க, குறை சொல்லல.

கேளுங்க, தப்பிருந்தா திருத்துங்க. நூறு வருஷத்துக்கு முன்ன ராயனோட ஆளுங்க வந்து, வேதப் புஸ்தகத்தையெல்லாம் குடுங்கடா, கொளுத்தணும்னு மிரட்டினாங்க. குடுக்க மாட்டேன்னவங்க தலை போச்சு. நம்ம ஊரு பழைய ஆயரு துணியில சுத்தின ஒரு கட்டக் கொண்டாந்து குடுத்தாரு. சந்தையில வெச்சுக் கொளுத்தினாங்க. உள்ள என்ன இருந்துச்சுன்னு ஒருத்தனும் பிரிச்சுப் பாக்கல. அங்கதான் வினை. மேலக்கோயில் சொல்லுது, அது சுவிசேஷம். அப்ப அவரு துரோகி, துரோகி கை வெச்சு ஆக்கின ஆயரும் ஆயரில்ல, அவரு ஆக்கின அடுத்தவரும் இல்ல, அப்படியே இறங்கி ரொகாத்துஸ் சாமி வரைக்கும் யாரும் இல்ல, அவரு முக்கினா அது வெறும் தண்ணி. கீழக்கோயில் சொல்லுது, அவரு கெட்டிக்காரரு, சுவிசேஷத்த ஒளிச்சு வெச்சுட்டு கழுதை வைத்தியப் புஸ்தகத்தக் குடுத்து ஏமாத்திட்டாரு. அதனால எல்லாம் செல்லும். சரியா சொன்னேனா?

இதுக்கு உங்க பக்கம் ஏழு புஸ்தகம் எழுதியிருக்கீங்க. அவங்க ஒன்பது. ரெண்டு பக்கமும், கார்த்தேஜுல தலை வெட்டுப்பட்ட அந்தப் பழைய வேதசாட்சி எழுதின அதே கடுதாசியத்தான் எடுத்துக் காட்டறீங்க. ரெண்டு பேரும் சண்டை போட்டு, கோயில ஒருத்தர்கிட்டருந்து ஒருத்தர் பிடுங்கறப்பல்லாம் தரைய உப்புத் தண்ணி விட்டுக் கழுவறீங்க. அந்தக் கட்டுல கழுதைக்கு வயித்துப்போக்கு நிக்க மருந்து எழுதியிருந்ததா இல்லையாங்கறதுலதான் என் ஆத்துமா நரகத்துக்குப் போகுமா மோட்சத்துக்குப் போகுமான்னு இருக்கு. நெனச்சா எனக்கே தலை சுத்துது.

நானா? நான் கழுதைப் புஸ்தகக் கட்சி. நம்பிக்கையெல்லாம் ஒண்ணும் கிடையாது. அப்படிச் சொன்னா அவளுக்கு மூக்கு செவக்கும், அதுக்காகத்தான். சோத்தப் போட்டுட்டு எதிர்ல உக்காருவா. நான் மெதுவா, அந்தப் புஸ்தகத்துல குளம்பு வெடிப்புக்கு என்ன போட்டிருந்துச்சோ, நம்ம கழுதைக்கு ஆயிருக்கும்னு ஆரம்பிப்பேன். கரண்டி பறக்கும். உம்மோட ஒரே மோட்சத்துல இருக்கிறதுக்கு நான் தனியா இருந்துட்டுப் போறேன்னு கத்துவா. அப்புறம் சிரிச்சுக்கிட்டே இன்னொரு கரண்டி கஞ்சி ஊத்துவா. முப்பத்தோரு வருஷம் இப்படித்தான் போச்சு. ஒரு நாள்கூட அலுக்கல, சாமி.

இருங்க, இருங்க. எங்க எந்திரிக்கிறீங்க? பாவம் செய்யறதுக்கு ஓலை எழுதித் தர்றது உங்க வேலை இல்லையா? சரி, அத விடுங்க. அது பொய்தான். பொய் சொன்னேன். இப்ப சொல்லலாமே, என் ஞானஸ்நானம் செல்லாதுன்னு நீங்கதானே சொன்னீங்க.

பாவம் செய்யணும்னு வந்தேன்னு சொன்னா ஊரு நம்பும், மிக்கின் அப்படிப்பட்டவன்தான்னு போயிடும். நெசத்தச் சொன்னா சிரிப்பாங்க. தம்பி மொத ஆளா சிரிப்பான்.

பானையையே நாலாவது தடவையா பாக்கறீங்க. கஞ்சிங்க. கோதுமைக் கஞ்சி, தேன் விட்டது. நான்தான் காச்சினேன், அடி கொஞ்சம் பிடிச்சுடுச்சு. இன்னைக்கு அவளுக்கு வருஷ நாள். காலையில கஞ்சியும் ஒரு குடுவை ஒயினும் எடுத்துக்கிட்டு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உங்க காவக்காரன் சனாமோ வாசல்ல கையக் குறுக்க வெச்சுட்டான். மூணாம் நாளு, ஏழாம் நாளு, முப்பதாம் நாளுன்னு எல்லாத்துக்கும் உள்ள விட்டவன்தான். அப்ப நான் யாரோட ஆளும் இல்ல, அரிசாத்தோட புருஷன், அவ்வளவுதான். இப்ப நான் கீழக்கோயில் ஆளாம். என் கால் பட்டா கல்லறையெல்லாம் உப்புத் தண்ணி விட்டுக் கழுவணுமாம், அவனுக்கு முதுகு வலியாம்.

பானையக் குடு, கல்லறையில நான் ஊத்திடறேங்கறான். அவன் ஊத்தினா யாரு கஞ்சின்னு அவளுக்கு எப்படித் தெரியும்? அடி பிடிச்சத வெச்சு வேணா கண்டுபிடிப்பா. ஆனா நான் ஏன் வரலன்னு நெனைக்க மாட்டாளா?

வாசல்லருந்து எட்டிப் பாத்தா அவ கல்லறை தெரியுது சாமி. மேல சின்னச் சின்ன செவப்புக் கல்லுல அவ பேரு. பக்கத்துலயே எம்பேரு. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் பதிக்கச் சொன்னேன், எனக்கு வயசு போடற எடம் மட்டும் காலியா விட்டிருக்கு. எம்பேரு உள்ள படுத்திருக்கு, நான் வெளிய பானையோட நிக்கறேன். நாளைக்கு நான் செத்தாலும் அந்த எடத்துல என்ன வைக்க விட மாட்டீங்க. தெரியும், உங்க சட்டம் அது.

அதனால ஓலையும் வேணாம், கடைசி காலத்துல கூப்பிடறதும் வேணாம். இப்பவே என்ன முக்குங்க. செல்லாததுக்கு மேல செல்றதக் குடுக்கறதுதானே உங்க வழக்கம்? மிச்சம் இருக்கிற இருபது வருஷப் பாவத்தையும் விட்டுடறேன். எண்ணெயில மண்டி கலக்கல. கழுதையத் திட்டல. அந்தக் கழுதைய மட்டும்... சரி, அதையும் திட்டல.

மொதல்ல நான் வாயால ஒத்துக்கணுமா? எத? அந்தக் கட்டுல இருந்தது என்னங்கறதயா?

அதத்தான் சாமி அவளும் கேட்டா. போற அன்னைக்கு. பேச்சே சரியா வரல, கையக் காட்டி என்னக் கிட்ட வரச் சொல்லி, இப்பவாவது சொல்லும், அதுல என்ன இருந்துச்சுன்னு கேட்டா. சிரிப்பான்னு நெனச்சேன். முப்பத்தோரு வருஷம் கேட்டுக் கேட்டுச் சிரிச்சவதானே. கழுதைப் புஸ்தகம்னேன். சிரிக்கல. மூஞ்சியச் செவுத்துப் பக்கம் திருப்பிக்கிட்டா. கரண்டி எடுக்கக் கையில தெம்பில்ல.

சுவிசேஷந்தான், சாமி. சுவிசேஷம். கழுதைப் புஸ்தகம் இல்ல. சத்தமா சொல்லணுமா? சுவிசேஷம்! போதுமா? அவ ஜெயிச்சுட்டா. நீங்க போய்ச் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கறேன். சட்டையக் கழட்டறேன், பானைய ஒரு நிமிஷம் பிடிங்க. தண்ணி சில்லுன்னு இருந்தாலும் பரவால்ல, சீக்கிரம் முக்குங்க. ஆறின கஞ்சி அவளுக்குப் பிடிக்காது.