அடை குந்தின ஈமு

– நாளைக்கு உன்னைத் தாரை வாக்க சித்தப்பன் பலராமனும் சித்தியும் நிப்பாங்க. பேசி முடிச்சாச்சு உண்ணாமலை. திரும்பக் கிளறாதே.

– வளத்தது நீ. கையப் புடிச்சிக் குடுக்கறது அவுங்களா நைனா?

– பொண்டாட்டி பக்கத்துல இல்லாதவன் மணையில குந்தக் கூடாதும்மா. நம்ம வழக்கம் அது.

– டிரங்குப் பொட்டியில இது கெடந்துது பாரு. ஆசிரமத்துக்கு வந்து, நம்ம மாடி ரூமுல குடியிருந்தாங்களே ஆஸ்திரேலியாக்காரம்மா, அவுங்க குடுத்த பறவைப் புஸ்தகம்.

– ஈமுதானே? ஆளு ஒசரம் நிக்கும். றெக்கை இருந்தும் பறக்காது.

– அது மட்டுமா? கோழி அடை குந்தினா சேவல் எட்டிக்கூடப் பாக்காது. புறாவுல ரெண்டும் மாறி மாறிக் குந்தும். ஈமுவுல பொட்டை முட்டைய வெச்சிட்டு அது பாட்டுக்குப் போயிடும். எட்டு வாரம் எரை தண்ணி இல்லாம அடை குந்தறது ஆணுதான். குஞ்சுங்கள மேய்க்கறதும் அதான்.

– உங்கம்மாவ எதுக்கு இதுல இழுக்கறே?

– நான் அம்மா பேரே எடுக்கல. நீதான் எடுத்தே.

– அவ எழுபதாம் வருஷம் வூட்ட வுட்டுப் போனா. பதினாலு வருஷம். உனக்கு ஜடை பின்னக்கூட அந்த வெள்ளக்காரம்மாதான் எனக்குக் கத்துக் குடுத்தா.

– ஒரு ஜடை ஒசரம் கம்மி, ஒண்ணு ஜாஸ்தி. பள்ளிக்கூடத்துல சிரிப்பாங்க. அவுத்துப் பின்னிக்க எனக்கு மனசு வராது.

– குஞ்சுங்க பெருசாயிப் போனப்புறம் அந்த ஆணு என்னா பண்ணும்னு போட்டிருக்கா?

– அது போடல நைனா.

– போட்டிருக்க மாட்டாங்க.

– நான் ஒண்ணு பண்ணிட்டேன், கோச்சிக்காதே. வேலூருக்கு, அம்மாவுக்குக் கடுதாசி போட்டேன். முகூர்த்தத்துக்கு ஒரு மணி நேரம் உன் பக்கத்துல நின்னாப் போதும், நீயே என்னைத் தாரை வாக்கலாம்னு. பதிலே வரல. கல்லு மனசு.

– அவளத் திட்டாதே. பதில் வந்துது. போஸ்ட்மேன் என் கையிலதான் குடுத்தாரு.

– வரமாட்டேன்னுட்டாங்களா?

– வரேன்னுதான் எழுதியிருந்தா. நான்தான் வேணாம்னு பதில் போட்டேன்.

– ஏன் நைனா? நீ ஆசைப்பட்டதுதானே அது?

– நாளைக்குச் சாயந்தரம் கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுல நீ மாப்பிள்ளை வூட்டுக்குப் போயிடுவே. ஒரே நாள்ல ரெண்டு பேரை பஸ் ஏத்தி வுட என்னால ஆவாதும்மா.