மருந்து போடாத கால்

எருக்கம்பால் கையில் பட்டால் உடனே கழுவிவிட வேண்டும், இல்லையென்றால் தோல் எரியும். புரதத்தைச் செரிக்கிற நொதிகள் அதில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தனியே பிரித்தெடுப்பதுதான் ஆய்வுக்கூடத்தில் என் வேலை. கிள்ளிய காம்பில் சொட்டும் பாலைப் பனிக்கட்டியில் வைத்த குழாயில் பிடித்து, வேகமாகச் சுழற்றிப் பிசினை ஒதுக்கி, உப்புப் போட்டுப் படியவைத்து, திரும்பத் திரும்ப வடிக்க வேண்டும். கலங்கிய பால்பவுடர்க் கரைசலில் அதை ஒரு சொட்டு விட்டால் கண்ணெதிரே தெளியும். பார்க்க அழகாக இருக்கும்.

அண்ணன் லாரி ஓட்டுநர். விபத்துக்குப் பிறகு இடுப்புக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி கிடையாது. படுத்தே கிடந்ததில் குதிகாலில் புண் வந்து, சதை கறுத்துச் செத்துப்போனது. காலை எடுத்துவிடலாம் என்றார்கள் ஆஸ்பத்திரியில். நான் நொதியைக் களிம்பில் குழைத்துத் தடவினேன். செத்த சதை கரைந்து வழிந்தது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை தெரிந்தது. புண் ஆறியது. அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "பாப்பா படிச்சது வீண்போகல" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான் அண்ணன்.

என் பேராசிரியர் மட்டும் சிரித்தார். "ஒருத்தருக்கு ஆறினா அது அதிர்ஷ்டம்மா. அந்த நொதி இல்லாமலே ஆறியிருக்காதுன்னு எப்படிச் சொல்லுவ?"

நியாயமான கேள்வி. அவர் இடத்தில் இருந்தால் நானும் அதைத்தான் கேட்டிருப்பேன்.

அண்ணனுக்கு வேறு புண் இல்லை.

அண்ணி வேலைக்குப் போயிருந்த ஒரு பகலில், அவனைக் குப்புறப் படுக்கவைத்துவிட்டுக் கரண்டியைக் காய்ச்சினேன். இரண்டு கெண்டைக்காலிலும் ஒரே மாதிரி வைத்தேன்.

"என்ன பாப்பா, ஏதோ கருகுற வாடை?"

"பால் பொங்கிடுச்சுண்ணா."

"அடுப்ப அணைச்சிட்டியா?"

"அணைச்சிட்டேன்."

வெந்நீர்ப் பை சுட்டுவிட்டது என்று அண்ணியிடம் சொன்னேன். வலது காலுக்கு நொதி கலந்த களிம்பு. இடது காலுக்கு வெறும் களிம்பு. வலது கால் மளமளவென்று தேறியது. இடது கால் சீழ் பிடித்தது.

"அந்தக் காலுக்கும் அதையே போட்டா என்ன? வீட்லதான இருக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"கொஞ்சம் பொறுங்கண்ணி."

பாதியில் நிறுத்தினால் அதுவரை அவன் பட்டதெல்லாம் வீணாகிவிடும். அதை நினைத்துத்தான் நானும் பொறுத்தேன். காய்ச்சல் கொதித்தபோது அண்ணி ஆட்டோ கூப்பிடப் போனாள். அவன் விடவில்லை. "பாப்பா பாத்துக்கும். ஆஸ்பத்திரி வேணாம்." என் முகத்தைப் பார்த்துச் சொன்னான். நான் மறுத்துப் பேசவில்லை. விஷம் ரத்தத்தில் ஏறிவிட்டது.

சுட்டது நான்தான். இரண்டு காலையும். அதை மறைக்கவில்லை. ஆனால் இந்த வாக்குமூலத்தில் நான் கொன்றதாக எழுதியிருக்கிறீர்கள், அதைத் திருத்த வேண்டும். அண்ணன் செத்தது இடது காலால். நான் மருந்து போட்ட கால் கடைசிவரை நன்றாகத்தான் இருந்தது.