கடைசிக் காம்பரா

பெல்மதுளையில் பஸ் ஏறிய தாயும் மகளும் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மகள் உலோகங்களைப் பற்றிய மேற்படிப்புக்கு வெளிநாடு போகிறாளாம். அவள் சொன்ன ஒரு வார்த்தையில் என் தூக்கம் போய்விட்டது.

“அணுவெல்லாம் நம்ம தோட்டத்து லயத்துல வரிசையா ஒட்டியிருக்கிற வீட்டுக்காரங்க மாதிரிதாம்மா. ரொம்பக் கிட்ட வந்தா தள்ளும், விலகினா இழுக்கும். உலோகத்த அளந்து பாத்து, அதுக்கு ஒத்து வர்ற கணக்க கம்ப்யூட்டர்ல போடுறோம்.”

“அப்ப லயத்து ஓரத்துல இருக்கிற கடைசிக் காம்பரா வீடு?”

“அதுக்கு ஒரு பக்கந்தானே பக்கத்து வீடு? உலோகத்து ஓரத்துல இருக்கிற அணுவும் அப்படித்தான். இருக்கிற பக்கத்து அணுவ இன்னும் இறுக்கிப் புடிச்சுக்கும்.”

“அங்க ஒனக்கு யாரு புள்ள இருக்கா?”

“ஒருத்தர் இருந்தாப் போதும்மா.”

தாய் தலையாட்டினாள். இரத்தினபுரியில் இறங்க எழும்பியவள் மறுபடி உட்கார்ந்தாள்.

“யாருடி அந்த ஒருத்தரு?”