மதிலின் வடக்குப் பக்கம்

— இன்னைக்கு ஏன் எதிர்ல வராம கூடவே வர்றீங்க, வாத்தியாரே? ஊர் மதிலை நான் வடக்கால சுத்துவேன், நீங்க தெற்கால சுத்துவீங்க. அதுதானே வழக்கம்?

— வழக்கம்தான், எலாதியா. ஆத்துப் பாலத்து வாசல்ல ஒரு தடவை பார்த்துக்குவோம், திரும்ப இந்த அல்காசர் வாசல்ல இன்னொரு தடவை. இன்னைக்கு மாத்திப் பார்க்கலாம்னு தோணுச்சு.

— லத்தீன் சொல்லிக் கொடுத்தவருக்கு திடீர்னு ஒண்ணும் தோணாது. விஷயத்தைச் சொல்லுங்க.

— நாளைக்கு என் மகன் பில்பாவோலேர்ந்து வர்றான். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது, முழங்காலும் இப்படி, இனிமே அவிலாவுல தனியா இருக்கக் கூடாதுங்கிறான். தினமும் மதிலை முழுசா சுத்துறேனேன்னு சொன்னேன். அப்படின்னா என்கூட ஒரு சுத்து வாங்க, முடிச்சிட்டா இங்கேயே இருங்க, இல்லேன்னா பெட்டியைக் கட்டுங்கன்னுட்டான்.

— ஓ. பரீட்சை.

— அதாவது, பரீட்சை நாளைக்கு. இன்னைக்கு ஒத்திகை.

— சரி, வாங்க. அந்த மூலை தாண்டினா காத்து அடிக்கும். மஃப்ளரை இழுத்து விட்டுக்குங்க.

— எதிரி உள்ளே வராம இருக்கத்தான் இத்தனை கோபுரம் கட்டினாங்க. என் மகன் கார்லயே வந்துடுவான்.

— பேசாம நடங்க. பேசினா உங்களுக்கு நடை குறையுது.

— எங்கே அந்த நாரைக் கூடு?

— எது?

— இந்த வடக்கு வாசல் மணிக்கூண்டு மேலே இருந்ததே. பெரிய கூடு.

— முந்தின வருஷமே புயல்ல விழுந்துடுச்சு. ஊரே வந்து பார்த்தது. தினம் இந்தப் பக்கமாத்தானே திரும்பி வர்றீங்க?

— நான் தரையைப் பார்த்து நடக்கிறவன்.

— தரையைப் பார்த்துத்தான் இப்போ அந்தப் பள்ளத்துல காலை விட்டீங்களாக்கும்.

— அதாவது...

— உக்காருங்க, இந்தப் பாறை மேல. வீட்டுக்காரர் போனப்புறம் கறிக்கடையை நான்தான் நடத்தினேன். எந்த மூட்டு எப்படிச் சத்தம் போடும்னு எனக்குத் தெரியும். இது மேடு ஏறிப் பழகின முழங்கால் இல்லை.

— நல்ல சான்று. வேற ஏதாவது இருக்கா?

— பனிக்காலத்துல இந்தப் பக்கம் கணுக்கால் அளவு சேறு. உங்க ஷூ மட்டும் கல்யாண மாப்பிள்ளை ஷூ மாதிரி மினுக்கும். பாலத்துகிட்ட பார்க்கிறப்ப மஃப்ளர்ல சர்க்கரைத் தூள். மதிலோரமா முட்டைக்கரு மிட்டாய்க் கடை எங்கே இருக்கு?

— இல்லை. ஊருக்குள்ளேதான்.

— அல்காசர் வாசல்ல நுழைஞ்சு, ஊருக்குள்ளேயே நேரா இறங்கி, நடுவுல ஒரு மிட்டாய், ஒரு காப்பி. அப்புறம் பாலத்து வாசல்ல வெளியே வந்து என் முன்னாடி நின்னு மூச்சு வாங்க வேண்டியது.

— மூச்சு வாங்கினது மட்டும் நடிப்பில்லை.

— அதுவும் தெரியும்.

— எப்போலேர்ந்து தெரியும்?

— போன வருஷம் முதல் பனி விழுந்ததுலேர்ந்து.

— ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.

— சொல்லியிருந்தா வெக்கப்பட்டுக்கிட்டு வராமலே இருந்திருப்பீங்க. அப்புறம் முழங்கால் மோசமாச்சு, நீங்க பாலத்துக்கு வர லேட்டாச்சு. அதனால இந்தப் பக்கம் நான் மெதுவா நடக்க ஆரம்பிச்சேன். காப்பியை அள்ளி ஊத்திக்கிட்டு ஓடி வரக் கூடாதில்ல.

— எலாதியா.

— என்ன?

— நாளைக்கு நான் தோத்துடுவேன். இதோ, பாதி மதில்கூட ஆகலை. பில்பாவோல எதிர்ல வர்றதுக்கு ஆளும் கிடையாது.

— தோத்துட்டுப் போங்க. பையனை இந்தக் காத்துக்குக் கூட்டிட்டு வராதீங்க. அந்த மிட்டாய்க் கடைக்குப் பக்கத்துல ஒரு சந்து இருக்கே, அங்கே கூட்டிட்டு வாங்க.

— அங்கே அவனுக்கு என்ன காட்டுறது?

— என் வீட்டை. அதுக்கு ஒரு படிகூடக் கிடையாது, எவரிஸ்தோ.