இரண்டு பிரதிகளிலும் இல்லாத ஓசை

மேடையில் அமர்ந்திருக்கும் துறைத் தலைவர்களே, மேடையில் நாற்காலி கிடைக்காமல் கீழே முறைத்துக்கொண்டிருக்கும் துறைத் தலைவர்களே, ஆய்வு மாணவர்களே, பட்டறைத் தெருவிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களே, முன்வரிசையில் தலை நிமிராமல் உட்கார்ந்திருக்கும் என் மாமாவே, உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

நான் பன்னிரண்டாம் வகுப்பு படிப்பவள். மறைந்த பேராசிரியர், கூட்டாய்வு மையத்தின் இயக்குநர், என் அப்பாவின் அக்கா. கடைசியாக யார் பேசுவது என்பதில் இயற்பியல் ஐயாவுக்கும் மொழியியல் அம்மாவுக்கும் உடன்பாடு வரவில்லை. எந்தத் துறையிலும் சேராத ஒரு தலை வேண்டும் என்று தேடினார்கள். என் தலையில் எதுவுமே சேரவில்லை என்பது என் வகுப்பாசிரியரே உறுதி செய்த செய்தி. அதனால் நிற்கிறேன்.

இயக்குநர் அவர்களுக்கு நீங்கள் வைத்த பட்டப்பெயர் 'கலப்படம்'. அது அவர் காதுக்கு எட்டாது என்று நினைத்தீர்கள். வீட்டில் தொலைபேசியை எடுத்தாலே, "கலப்படம் பேசுறேன், சொல்லுங்க" என்பார். பாலில் தண்ணீரைக் கலந்தால் குற்றம். தாவரவியலில் வரலாற்றைக் கலந்தால் என்ன குற்றம்? இதைத்தானே வாழ்நாள் முழுவதும் கேட்டார்?

அந்த மாடியை நினைத்துப் பாருங்கள். முதல் அறையில் ஒருவர் மீனின் காதெலும்பில் வளையம் எண்ணுவார். அடுத்த அறையில் ஒருவர் பழைய நீதிமன்றத் தீர்ப்புகளில் எங்கெங்கே கால்புள்ளி விழுந்தது என்று தேடுவார். எதிரே, சுவரில் பூத்த பூஞ்சையை மூன்று ஆண்டாகக் கண்கொட்டாமல் பார்க்கும் அக்கா. கோடியில், தாலாட்டில் எந்த வரியில் குழந்தை தூங்கும் என்று கணக்குப் போடும் அண்ணன். அவர் போட்ட கணக்கில் நானே பலமுறை தூங்கியிருக்கிறேன். இத்தனை பேருக்கும் பொதுவாக இருந்தவை ஒரு தேநீர்க் கெட்டிலும் ஓர் அத்தையும். ஒருநாள் எல்லா அறைகளின் பெயர்ப் பலகைகளையும் மாற்றி மாட்டிவிட்டேன். மற்றவர்கள் என்னைத் துரத்த, அத்தை மட்டும் நின்று நிதானமாகப் படித்துவிட்டு, "அப்படியே இருக்கட்டும். தப்பான ரூம்ல நுழைஞ்சாத்தான் இவங்க ஒருத்தரையொருத்தர் பார்ப்பாங்க" என்றார்.

அவர் வைத்த விதி உங்களுக்குத் தெரியும். எந்தக் கட்டுரையும் வெளியே போவதற்கு முன்னால், வேறு துறைக்காரர் ஒருவர் அதை எல்லோர் முன்பும் உரக்கப் படிக்க வேண்டும். எழுதியவர் வாயைத் திறக்கக் கூடாது. படித்தவர் தடுக்கினால், எழுதியவர் திருத்த வேண்டும். அறிஞர்களை ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார வைத்த சாதனைக்கே ஒரு விருது தந்திருக்கலாம்.

பட்டறைத் தெரு ஆய்வும் அப்படி ஒரு வாசிப்பில்தான் பிழைத்தது. தகரம் அடிக்கும் அந்தத் தெருவில் பேச்சுக் குரல் கேட்காது. அங்கே ஒரு கணவனும் மனைவியும் பட்டறையின் இரு முனைகளில் உட்கார்ந்து பெட்டி அடித்தார்கள். அந்த ஐயா மனைவியைக் கூப்பிட வாயைத் திறக்க மாட்டார். இரண்டு அடிக்கு நடுவில், தகரத்தின் விளிம்பில் சுத்தியலால் லேசாகத் தட்டுவார். அந்த அம்மா நிமிர்ந்து பார்ப்பார். அத்தை ஒரு முழு நாள் அங்கே உட்கார்ந்து எல்லா ஓசையையும் பதிவு செய்துகொண்டு வந்தார். இரைச்சலை அளக்க இயற்பியல் ஐயாவுக்கு ஒரு பிரதி. தெருவின் பேச்சை ஆராய மொழியியல் அம்மாவுக்கு ஒரு பிரதி.

வாசிப்பு நாளில் மொழியியல் அம்மாவின் கட்டுரையை இயற்பியல் ஐயா படித்தார். பாதியில் நின்றார்.

"'பின்னணி இரைச்சல் முழுவதும் நீக்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கு. அம்மா, அந்த இரைச்சல்தாம்மா என் ஆராய்ச்சி."

பிறகு ஐயாவின் கட்டுரையை அம்மா படித்தார்.

"'மனிதக் குரல்களால் ஏற்பட்ட பிழை நீக்கப்பட்டது.' ஐயா, அந்தப் பிழைக்குத்தான் எனக்கு டாக்டர் பட்டமே கொடுத்தாங்க."

அறையே சிரித்தது. அத்தை சிரிக்கவில்லை. "தட்டுனது எங்க?" என்று கேட்டார். ஐயாவின் கணினி நிரல், சீராக விழாத தட்டலைக் கைதவறல் என்று எண்ணி நீக்கிவிட்டது. அம்மாவின் நிரல், உலோக ஓசை என்று அதைத் துடைத்துவிட்டது. "ரெண்டு பேரும் வீட்டைப் பெருக்கி, வீட்டுக்காரனையும் சேர்த்து வெளிய தள்ளிட்டீங்க. நல்லவேளை, பெருக்காதது ஒண்ணு என்கிட்ட இருக்கு" என்றார். அந்த மூலப்பதிவு மையத்தின் பொதுக் கணினியில் இருந்தது. தெருக்காரர்களின் குரல் கட்டடத்தைவிட்டு வெளியே போகாது என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்ததால், அதை வேறெங்கும் அவர் வைக்கவில்லை. அந்தத் தட்டலைப் பற்றித் தானே எழுதுவதாக இருந்தார். எழுதத் தொடங்கவில்லை.

சென்ற மழைக்காலத்தில் அந்தத் தகரக்கார ஐயா இறந்தார். பட்டறை மூடப்பட்டது. அவர் மனைவி வந்து, கணவர் கூப்பிடும் ஓசை தனக்கு வேண்டும் என்று கேட்டார். தெருவில் எல்லோரிடமும் சம்மதம் வாங்கிவிட்டுத் தருவதாக இயக்குநர் சொன்னார். சம்மதமும் வாங்கினார். அடுத்த வாரம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார்.

அதன்பின் நடந்தது இங்கே பாதிப் பேருக்குத் தெரியாது. மீதிப் பாதிப் பேர் இப்போது தங்கள் செருப்பைப் பார்க்கிறார்கள்.

மையத்தைப் பிரிக்க உத்தரவு வந்தது. மேசை ஒரு பக்கம், நாற்காலி ஒரு பக்கம். பொதுக் கணினியைத் திருப்பித் தர வேண்டும். அதை அழிக்கும் முன் அலுவலக அண்ணன் முறையாக இயற்பியல் ஐயாவையும் மொழியியல் அம்மாவையும் கேட்டார்: "பட்டறைத் தெரு ரெக்கார்டிங் உங்ககிட்ட காப்பி இருக்கா?"

ஐயா சொன்னார்: "இருக்கே."

அம்மா சொன்னார்: "என்கிட்டயும் இருக்கு."

"அப்ப ரெண்டு காப்பி இருக்கு. மூணாவது எதுக்கு?"

அழித்துவிட்டார். இதில் யார் பொய் சொன்னார்கள்? ஒருவரும் இல்லை. யாரைத் திட்டுவது? திட்டுவதில் கொஞ்சம் கைதேர்ந்தவள் நான். எனக்கே ஆள் கிடைக்கவில்லை.

இரண்டு பிரதிகளையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்து ஒட்டிப் பார்த்தோம். ஐயாவும் அம்மாவும் ஒரே கணினி முன்னால், வாழ்க்கையில் முதல்முறையாகச் சண்டை போடாமல் உட்கார்ந்தார்கள். அடி இருக்கிறது. குரல் இருக்கிறது. நடுவில் இருந்தது இருவரிடமும் இல்லை. எங்கே ஒட்டினாலும் அது வரப்போவதில்லை.

இன்று காலை, கூட்டத்துக்கு முன்னால், தகரக்கார ஐயாவின் மனைவியைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து அதைப் போட்டோம். அவருக்குக் காது பாதிதான் கேட்கும். அந்தத் தெருவில் எல்லோருக்கும் அப்படித்தான். ஸ்பீக்கர்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டார். கடைசிவரை கையை எடுக்கவில்லை.

"வேலை நடக்குது. யாரோ பேசுறாங்க. அவரு கூப்பிடவே இல்லியே."

எப்படித் தட்டுவார், நீங்களே தட்டிக் காட்டுங்கள் என்று கேட்டேன். என்னை ஏதோ விவரம் கெட்டவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். "அவரு கூப்பிட்டா எனக்குத் தெரியும். நானே என்னை எப்படிம்மா கூப்பிட்டுக்கறது?"

பெரியோர்களே, 'இயக்குநர் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம்' என்று உறுதிமொழி சொல்லி என் பேச்சை முடிக்கும்படி மேடையில் கேட்டுக்கொண்டார்கள். எந்த இடத்திலிருந்து? அவர் விட்ட இடத்தைத்தான் நாமே துடைத்துவிட்டோமே. திங்கள்கிழமை மாடியில் தடுப்புச்சுவர் எழுகிறது. இனி மீன் மீனோடும் கால்புள்ளி கால்புள்ளியோடும் இருக்கும். ஒவ்வொரு துறையும் நன்றாகவே நடக்கும். கட்டுரைகள் வெளிவரும். அவற்றில் எது விடுபட்டது என்று சொல்ல அடுத்த அறைக்காரர் வரமாட்டார். எனவே உறுதிமொழி கிடையாது, மன்னியுங்கள். தெரிந்தே ஒரு பொய்யை அத்தையின் படத்துக்கு முன்னால் சொல்ல, எனக்கே கூச்சமாக இருக்கிறது.

அஞ்சலிக்காக நாம் எல்லோரும் எழுந்து நிற்பதற்கு முன்னால் ஒன்று மட்டும். தாழ்வாரத்தில் ஸ்பீக்கரை எடுத்து வைத்தபோது அந்த அம்மா எங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கோபமே இல்லாமல் கேட்டார்:

"இம்புட்டுப் பேரு படிச்சவங்க இருக்கீங்க. ஒருத்தர்கூடவா அதைக் காது கொடுத்துக் கேக்கல?"

ஆளுக்கொரு ஒயரைச் சுருட்டத் தொடங்கினோம். பதிலை நான் இப்போது சொல்கிறேன். கேட்டவர் ஒருத்தர் இருந்தார், அம்மா. அவருக்காகத்தான் எழுந்து நிற்கிறோம்.