தலைவர் மூன்று முறை குதிப்பார்

புத்தாண்டன்று காலை பத்தரை மணிக்கு மந்தாரக்குப்பத்தில் ஒரு கத்தரிக்கோல் கிடைப்பது அத்தனை சுலபமில்லை, இன்ஸ்பெக்டர் சார். பதினோரு மணிக்கு விழா. ரிப்பன் கட்டியாயிற்று, தலைவர் வந்தாயிற்று, கத்தரிக்கோல் மட்டும் வரவில்லை. ஸ்கூட்டரில் பறந்தேன். மூன்று கடை பூட்டு. நான்காவதாக ஒரு தையல்கடை.

"துணி வெட்டுற கத்திரிங்க இது. ரிப்பன வெட்டினா மொன்னையாப் பூடும்" என்றார் கடைக்கார அம்மாள்.

"எங்க தலைவர் வெட்டப்போறாரும்மா."

"எவுரு வெட்டினாலும் மொன்னையாத்தாங்க பூடும்."

சிரித்துவிட்டேன். கெஞ்சி வாங்கிக்கொண்டு ஐந்து நிமிடம் முன்னதாகவே வந்து சேர்ந்தேன். ஒன்பது வருடமாக எங்கள் ஆர்க்கிடெக்ட் சங்கத்துக்கு இந்தக் கிறிஸ்துதாஸ்தான் செயலாளர். 2014-ஐயும் ஓடிக்கொண்டேதான் வரவேற்றேன்.

நெய்வேலி டவுன்ஷிப்பையும் சுற்று ஊர்களையும் சேர்த்து நாங்கள் பதினான்கு பேர். எங்களில் ஒருவர் கட்டும் புதுக் கட்டடத்தில்தான் ஜனவரி முதல் தேதி கூடுவோம். தலைவர் கொளஞ்சிநாதன் ரிப்பனை வெட்டி, மாடியேறி, பால்கனி விளிம்புக்குப் போய் மூன்று முறை குதிப்பார். ஆள் நூற்றுப்பத்து கிலோ. "இதாங்கடா நம்ம சர்டிபிகேட்டு" என்பார். கீழே நின்று கைதட்டுவோம். அப்புறம்தான் கேக்.

அன்று இரண்டாவது குதியிலேயே பால்கனி ஒடிந்துவிட்டது. இரண்டாம் மாடி. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்விட்டார்.

மற்றவர்களுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கவனித்தீர்களா? போட்டோவுக்கு மறைக்கிறது என்று எல்லோரையும் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நகர்த்தியிருந்தேன். "ஒங்களாலதாண்ணே நாங்க உசிரோட நிக்கிறோம்" என்று எங்கள் சங்கத்து ரெஜின் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். நான் மறுத்துப் பேசவில்லை.

கட்டடம் சத்யப்பிரியாவுடையது. எங்களில் இளையவள், கெட்டிக்காரி. நீங்கள் அவளைக் கைது செய்தபோது எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. பால்கனிக்குக் கான்கிரீட் போட்ட டிசம்பர் ஒன்பதாம் தேதி அவள் ஊரிலேயே இல்லை. அம்மாவுக்குப் பாண்டிச்சேரியில் கண் ஆபரேஷன். "அண்ணா, நாளைக்கிப் பால்கனி கான்கிரீட். கம்பிய மட்டும் ஒருதடவ பாத்துட்டு ஊத்தச் சொல்லுங்கண்ணா" என்று முதல் நாள் போன் செய்தாள்.

பால்கனியில் பாரம் தாங்கும் கம்பி, தளத்தின் மேல்பக்கம் வர வேண்டும் சார். கீழ்ப்பக்கம் போனால் கம்பி இருந்தும் இல்லாத கணக்குத்தான். அடியில் முட்டுக்கம்பு கொடுத்திருக்கும்வரை தெரியாது. முட்டுக்கம்பை எடுத்த பிறகும் வெறுமனே இருந்தால் கொஞ்ச நாள் நிற்கும். யாராவது விளிம்பில் குதித்தால் நிற்காது. முட்டுக்கம்பை எடுத்தது டிசம்பர் முப்பத்தொன்று.

கான்கிரீட் விழும்போது கம்பி கீழ்ப்பக்கம்தான் இருந்தது. பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வாய் திறக்கவில்லை. இதை ஒளிக்க நான் இங்கே வரவில்லை.

ஏன் என்று கேட்பீர்கள். நவம்பர் கடைசிக் கூட்டத்தில் தலைவர் சொன்னார்: "வர்ற வருசத்துலேருந்து நம்ம சத்யாதான் தலைவர். கிறிஸ்து, நீ செயலாளராவே இருந்துக்க. ஒன்ன மாதிரி சேர் எடுத்துப்போட இங்க எவனுக்கு வரும்?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "அண்ணன் கூட இருந்தாத்தான் நான் ஒத்துக்குவேன்" என்றாள் அவள். நல்ல பெண்.

கோபம் என்று நினைக்காதீர்கள். ஒன்பது வருடம் அவர் பேசிய புத்தாண்டு உரைகள் எல்லாம் நான் எழுதியவை. பதினான்கு ஆர்க்கிடெக்டுகளை ஒரு வருடத்திலிருந்து அடுத்த வருடத்துக்குக் கூட்டிப்போவது சின்ன வேலையில்லை. ஆளுக்கொரு அபிப்பிராயம், வடைக்குச் சட்னி வைப்பதில்கூட. அதை ஒரு சின்னப் பெண்ணின் தலையில் கட்டுவது நியாயமா? சங்கத்தின் நன்மையைத்தான் பார்த்தேன்.

ஜனவரி பத்தாம் தேதி போட்டியின்றி என்னைத் தலைவராக்கினார்கள். முதல் உரையைக் கட்டடப் பாதுகாப்பைப் பற்றியே வைத்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள், சார். பழைய தலைவரின் மனைவி பட்டம்மாள் அக்காவும்தான். குதிக்கும் வழக்கத்தை அன்றே ரத்து செய்தேன்.

இன்று சத்யப்பிரியாவுக்காகப் பரிந்து பேசத்தான் வந்தேன். பெரியவர்கள் துணையில்லாத சின்னப் பெண்ணின் கவனக்குறைவு, செயலாளரும் கவனிக்கத் தவறினார் என்று சங்கத்தின் லெட்டர்பேடில் எழுதிக்கூடக் கொண்டுவந்திருக்கிறேன். ஆனால் உங்கள் வெளி பெஞ்சில் குழந்தைவேல் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கட்டடத்தின் கம்பி மேஸ்திரி. என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆகவே லெட்டரை நானே கிழித்துவிடுகிறேன்.

அன்றைக்கு நான் போய்ப் பார்த்தபோது கம்பியெல்லாம் ஒழுங்காக மேலேதான் கட்டியிருந்தது.

"பால்கனிக்கி மேலதானுங்க வரணும்? இருவது வருசமா அப்பிடித்தான கட்டிகினு வர்றோம்" என்றார் குழந்தைவேல்.

"டிராயிங்க மாத்தியாச்சு மேஸ்திரி. அவுத்துக் கீழ கட்டுங்க" என்றேன்.