நாட்காட்டியில் 2569

பத்தொன்பது மணி நேரமாக என் அம்மா ஒரு வாய் கஞ்சி குடிக்கவில்லை. நான் ஊட்டினால் துப்பிவிடுகிறார். பக்கவாதம் வந்த நாளிலிருந்து மியா யீ ஊட்டினால்தான் சாப்பிடுவார். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான்.

தாய்லாந்து எல்லையில், இந்த மே சோட்டில் எனக்கு மருந்துக்கடை. மியா யீ ஆற்றுக்கு அந்தப் பக்கம், பர்மாக்காரி. விசா வாங்கி முறையாக வந்தவள். அவளுடைய ஆறு வயது மகன் அங்கே மாமியாரிடம் வளர்கிறான். மாதம் ஒரு ஞாயிறு எல்லைப் பாலத்தில் பாஸ்போர்ட்டைக் காட்டி நடந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். அந்த ஞாயிறுகளில் அம்மா பட்டினி.

அவளுக்கு எழுத்துத் தெரியாது. எண்கள் மட்டும் தெரியும். அம்மாவின் மாத்திரைகளுக்காக நான்தான் இந்த வருடம் சுவர் நாட்காட்டியை வைத்துக் கற்றுக்கொடுத்தேன். ஏப்ரலில் ஏஜென்ட் விசாவைப் புதுப்பித்துப் பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுத்தபோது, அவள் அதை நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள்.

"அக்கா, இதுல 2027னு இருக்கு. காலண்டர்ல 2569. பழைய முத்திரையக் குத்தி ஏமாத்திட்டானா?"

நான் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"எங்க பூட்டன் காலத்து முத்திரை போல" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "பாலத்துல காட்டினா புடிச்சுருவாங்களா?"

"போலி முத்திரைன்னா ஜெயில்தான்" என்றேன்.

அது சட்டம். நான் சட்டத்தைத்தான் சொன்னேன்.

அதன்பின் அவள் தெருமுனைக்குக்கூடப் போகவில்லை. போகாதே என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை. அவள் அறைக்குப் புது மின்விசிறி வாங்கிப் போட்டேன். ஞாயிறுகளில் மகனோடு பேச என் போனைக் கொடுத்தேன். அம்மாவின் கன்னம் கொஞ்சம் தேறியது.

நேற்று மதியம் அவளுடைய மாமியார் போன் செய்தாள். பையனுக்கு டெங்கு, ஈறில் ரத்தம்.

"பாலத்துல உங்களுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்கல்ல அக்கா? ஒரு வார்த்தை சொல்லுங்க. பாத்துட்டு உடனே வந்துர்றேன்."

"மழை விடட்டும், பாக்கலாம்."

"மழை விடும். அவன் தாங்குவானா அக்கா?"

"அம்மாவுக்குக் கஞ்சி ஆறுது" என்றேன்.

அவள் போய் ஊட்டினாள். வாயைத் துடைத்துவிட்டாள். துண்டை மடித்து வைத்துவிட்டுப் பின்வாசல் வழியாக ஆற்றுக்குப் போனாள். லாரி ட்யூபில் ஆட்களைத் திருட்டுத்தனமாக அக்கரை சேர்க்கிறவர்கள்கூட நேற்று வெள்ளத்தைப் பார்த்துக் கரையேறிவிட்டார்கள் என்று நீங்களே சொன்னீர்கள். அவள் ஒரு ட்யூபைத் தானே எடுத்துக்கொண்டு இறங்கியிருக்கிறாள். பாலத்தின் தூணில் சிக்கிக் கிடந்தாள் என்றீர்கள். அதற்கு மேலே நடந்து போயிருந்தால் கால் மணி நேரம்கூட ஆகாது.

நான் அவளிடம் ஒரு பொய்யும் சொல்லவில்லை ஐயா. நல்ல பெண். இன்னொருத்தியை அம்மாவுக்குப் பழக்க எத்தனை நாள் ஆகுமோ.

முத்திரையைப் பற்றி மூன்றாம் முறையாகக் கேட்கிறீர்கள். நம் நாட்காட்டி புத்தர் ஆண்டு. பாஸ்போர்ட்டில் குத்துவது வெளிநாட்டாரின் கிறிஸ்து ஆண்டு. நடுவில் ஐந்நூற்று நாற்பத்து மூன்று வருடம்; நம் 2569 அவர்களுக்கு 2026. இந்த ஊரில் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கும் தெரியும், அவள் கேட்ட அன்றே.

முத்திரை அசல்தான். அவள் விசா அடுத்த ஏப்ரல் வரை செல்லும்.